வாசகர் கேள்விகள்: மெல்ல வந்தாலும் தெறிக்குமா?

கேள்வி: கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். மின்னூட்டம் அதிகமுள்ள அயனி மெதுவாக உலோகத்தை நெருங்கினாலே நூற்றுக்கணக்கில் எலக்ட்ரான்கள் கிளம்பும் என்கிறாள், எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் என் மகள். ஓங்கி அடித்தால்தானே தெறிக்கும்?
- வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: மகள் சொல்வது சரி. நீங்கள் சொல்வதும் பாதி சரி. இங்கே அயனி என்பது எலக்ட்ரான்களை இழந்த அணு. வேகமாக மோதும் அயனி உங்கள் சுத்தியல் மாதிரிதான். அடியின் பலத்தில் எலக்ட்ரான்கள் வெளியேறும். ஆனால் வேகத்துக்குச் சம்பந்தமில்லாத இன்னொரு கையிருப்பும் அயனியிடம் உண்டு. அணுவிலிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்க நாம் செலவழித்த ஆற்றல் எங்கும் போய்விடவில்லை. பறிகொடுத்தது திரும்பக் கிடைக்கும்போது அதுவும் வெளியே வரும்.

ஹீலியத்திடமிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்க 24.6 எலக்ட்ரான் வோல்ட் (அணு உலகில் ஆற்றலை அளக்கும் சிறு அலகு) வேண்டும். உலோகத்திலிருந்து ஒன்றை விடுவிக்க ஏறக்குறைய 4 அல்லது 5 போதும். ஆகவே உலோகத்தின் ஒரு எலக்ட்ரான் ஹீலியம் அயனிக்குள் விழுந்தால், மிச்சமாகும் ஆற்றலில் இன்னொன்று வெளியே ஓடிவிடலாம். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த இயற்பியலாளர் ஹாக்ஸ்ட்ரம் 1954-இல் இதற்குக் கோட்பாடு தந்தார். ஆர்கானின் 18 எலக்ட்ரான்களையும் உரித்துவிட்டாலோ, கையிருப்பு சுமார் 14,400 எலக்ட்ரான் வோல்ட்!

இப்படிப்பட்ட அயனி உலோகத்தைத் தொடக்கூட வேண்டாம். சில நானோமீட்டர் தள்ளி இருக்கும்போதே எலக்ட்ரான்கள் தாவி அதன் வெளிச்சுற்றுகளில் ஏறிக்கொள்ளும். வெளியே கூட்டம், உள்ளே காலி. அதனால் இதை ‘உள்ளீடற்ற அணு’ என்பார்கள். ஒன்று உள்ளே இறங்கும். அந்த ஆற்றலில் பக்கத்தில் இருப்பது தெறித்துப் போகும். காலியான இடத்துக்கு உலோகம் அடுத்ததை அனுப்பும். 1990-களின் தொடக்கத்தில், எழுபதுக்கும் மேற்பட்ட எலக்ட்ரான்களை இழந்த தோரியம் அயனிகளைத் தங்கத்தின்மேல் விட்டார்கள். அயனி ஒன்றுக்கு 200-க்கும் மேல் கிளம்பின.

எண்ணிய விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. கிளம்பிய கூட்டத்தை இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேல் கொடுத்து ஒரு சிலிக்கான் உணரிக்கு இழுப்பார்கள். எல்லாம் ஒரே கணத்தில் போய் விழுவதால் ஒரே ஒரு துடிப்புதான் பதிவாகும். எத்தனை எலக்ட்ரானோ அத்தனை மடங்கு அதன் உயரம். தனித்தனியாக எண்ணவே வேண்டாம்.

வெள்ளி தேயாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். பறிபோன எலக்ட்ரானை உலோகம் சட்டென்று ஈடுகட்டிவிடும். அந்த வகையில் பெரிய சேதமில்லை. லித்தியம் ஃபுளோரைடு போன்ற மின்கடத்தாப் பொருள்களில்தான் மெதுவாக வரும் அயனிகூட அணுக்களைப் பெயர்த்துவிடும். ஆனால் உங்கள் பட்டறைத் தகட்டை அப்படியே வைத்து அளக்க முடியாது. கறுப்பேறிய வெள்ளி வேறு கணக்கு காட்டும். மிக உயர் வெற்றிடத்தில் வைத்து, வேகமாக மோதும் ஆர்கான் அயனிகளாலேயே மேற்பரப்பைச் சுரண்டி, சூடேற்றி, அப்புறம்தான் அளவு.

மகளுக்கு ஆர்வமிருந்தால், அதிக மின்னூட்ட அயனிகளைத் தரும் இயந்திரங்கள் டெல்லி முடுக்கி மையத்திலும் மும்பை டாடா ஆய்வு நிலையத்திலும் இருக்கின்றன. விசாரிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நம்மூர் மேக்னசைட்டைச் சுட்டால் வரும் மெக்னீசியம் ஆக்சைடு பழைய பிளாஸ்மா டிவியில் இருந்ததாமே?
- வாசகி, மாமாங்கம், சேலம்

பதில்: அந்தச் சேர்மம் இருந்தது உண்மை. கண்ணாடியின் உட்பக்கத்தில் மெல்லிய பூச்சாக இருக்கும். நியான் அயனி அதன்மேல் பட்டதும் எலக்ட்ரான் எளிதாகக் கிளம்பும். அதனால் குறைந்த வோல்ட்டிலேயே வாயு ஒளிர ஆரம்பிக்கும். ஆனால் அதற்கு மிகத் தூய்மையான சரக்கு வேண்டும். நம்மூர்க் கல் பெரும்பாலும் உலைச் செங்கல்லுக்குத்தான் போகிறது.