தொண்டி மீன்பதிவு: எழுதியதும் படித்ததும் ஒத்துப்போகவில்லை

தொண்டி மீன்வரத்துச் செயலியில், கையால் எழுதிய சோதனைகள் தேறியும், ஜேசானாக (JSON, தரவை உரையாக எழுதும் வடிவம்) சேமித்துத் திரும்பப் படித்தால் சில பதிவுகள் மாறுகின்றன என்றீர்கள். நிரல் பைத்தானில்தானே, ஹைப்பாதெசிஸ் (Hypothesis) என்ற சோதனை நூலகத்தைப் போடுங்கள். விதி ஒன்றே: எந்தப் பதிவையும் எழுதிப் படித்தால் அதே பதிவு வர வேண்டும். உள்ளீடுகளை அதுவே உருவாக்கும். தவறியதைச் சிறிதாகச் சுருக்கியும் காட்டும்.

எனக்குச் சந்தேகம் ஊர்ப்பெயர் மேல்தான். ‘தொ’வின் கொம்பும் காலும் யூனிகோடில் ஒரே குறியாகவும் வரும், இரண்டாகவும் வரும். திரையில் வித்தியாசமே தெரியாது, ஒப்பிட்டால் பொருந்தாது. வழியில் ஏதோ ஒன்று அதை மாற்றுகிறது போல. சோதனை உள்ளீடுகளை முழு யூனிகோடிலிருந்து எடுத்தால் அந்த ஜோடி அரிதாகவே விழும், ஹைப்பாதெசிஸுக்குத் தமிழ்க் குறிகளை மட்டும் கொடுங்கள். பிடிபட்டால், உள்ளே வரும்போதே என்எஃப்சி (NFC, இரண்டாக வரும் குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடு வடிவம்) வடிவுக்கு மாற்றிவிடுங்கள்.

அப்புறம், எடையில் நேன் (NaN, ‘எண் அல்ல’ என்ற மதிப்பு) வராமல் தடுங்கள். அது தனக்கே சமமில்லை, வீணாகத் தோல்வி காட்டும்.