ஊதல் சத்தத்துக்கு அழும் பிள்ளை

கேள்வி: அடுத்த மாதம் என் மகளுக்கு 6-வது பிறந்தநாள். போன வருடம் வந்திருந்த பிள்ளைகள் எல்லோருக்கும் ஊதல் கொடுத்தோம். எல்லோரும் ஒன்றாக ஊதியதில் என் அண்ணன் மகன் (4 வயது) காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டான். இந்த வருடமும் ஊதல் வேண்டும் என்று மகள் அடம்பிடிக்கிறாள். ‘அவன் பயந்தாங்கொள்ளி, பழகிவிடும்’ என்கிறார் என் கணவர். என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, முதலில் அந்தப் ‘பயந்தாங்கொள்ளி’ என்ற சொல்லை உங்கள் வீட்டில் நிறுத்திவிடுங்கள். அது அவன் காதிலும் விழும். திடீரென்று, நாலு பக்கமும், எப்போது முடியும் என்றே தெரியாமல் வருகிற சத்தம் பெரியவர்களையே கலங்கடிக்கும். அவன் பயந்ததில் தப்பே இல்லை.

அதற்காக மகளின் ஆசையையும் தள்ள வேண்டாம். ஊதுவதற்கு ஒரு நேரம் குறித்துவிடுங்கள், போதும். யூதர்களின் பூரிம் பண்டிகையில் எஸ்தர் கதையை வாசிக்கும்போது, கொடியவன் ஆமானின் பெயர் வரும் இடத்தில் மட்டும் பிள்ளைகள் கிலுக்கட்டையைச் சுழற்றிக் கூச்சல் போடுவார்கள். அப்புறம் அடங்கி, கதையைக் கேட்பார்கள். எப்போது சத்தம் வரும் என்று தெரிந்தால் அதற்காகக் காத்திருப்பதே ஒரு விளையாட்டு. உங்கள் வீட்டில் கேக் வெட்டியதும் ஊதட்டும். பத்து எண்ணி முடித்ததும் நிறுத்தட்டும்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னாலேயே அண்ணன் மகன் கையில் ஒரு சுருள் ஊதலைக் கொடுங்கள். ஊதினால் காகிதம் நீண்டு, ஊதுவதை நிறுத்தியதும் சுருண்டுகொள்ளுமே, அதுதான். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பியையோ பிளாஸ்டிக் பட்டையையோ தடவிக் காட்டுங்கள். காகிதத்தைத் திரும்பச் சுருட்டுவது அதுதான். அவனே மெதுவாக ஊதிப் பார்க்கட்டும். விழா அன்று ‘ஊதலாம்’ என்று கொடி காட்டும் வேலையையும் அவனுக்கே கொடுங்கள். சத்தம் அவன் சொல்லித்தான் தொடங்கும் என்றால் பாதி பயம் போய்விடும்.

எதை வாங்குவது என்பதிலும் கவனம் தேவை. டப்பாவில் அடைத்து வரும் காற்று ஹாரன் வேண்டவே வேண்டாம். பணியிடங்களில் 85 டெசிபல் சத்தத்தை 8 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது அமெரிக்க ஆய்வு நிறுவனமான நியாஷின் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் வெறும் 15 நிமிடம். அந்த ஹாரன் கிட்டத்தில் இதையும் தாண்டும். உள்காதின் நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் திரும்ப வளராது. சின்ன ஊதலானாலும் அடுத்தவர் காதருகே ஊதக் கூடாது, இதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆளுக்கு ஒன்று, பெயர் எழுதிக் கொடுங்கள், எச்சில் மாறாது. 3 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஊதல் வேண்டாம், வாய்ப்பகுதி கழன்று தொண்டையில் சிக்கலாம். அவர்களுக்குக் கைதட்டலே போதும்.

அன்றைக்கும் அவன் உள்ளே போய்விட்டால் இழுத்து வராதீர்கள். கதவைத் திறந்து வையுங்கள். சத்தம் ஓய்ந்ததும் அத்தை நீங்களே போய் அவன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.