எடைச் சீட்டில் நேற்றைய தேதி

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் நானும் மனைவியும் எடை மேடை நடத்திப் பிழைக்கிறோம். பெரும்பாலும் கிரானைட் லாரிகள். போன வருஷம் பெங்களூரு நிறுவனம் ஒன்றிடம் 1,40,000 ரூபாய்க்கு, செயற்கைக்கோளிலிருந்து நேரம் எடுக்கும் ஜிபிஎஸ் கடிகாரம் வாங்கிக் கம்ப்யூட்டரோடு இணைத்தோம். செட்டிங் வேலைக்குத் தனியாக 12,000. ராத்திரி 3.10-க்கு எடை போட்ட லாரிக்கு முந்தின நாள் இரவு 9.40 என்று சீட்டு வந்திருக்கிறது. சரக்கோடு போகும் இ-வே பில்லோடு நேரம் ஒத்துவரவில்லை என்று வழியில் லாரியை நிறுத்திவிட்டார்கள். வியாபாரி எனக்குத் தர வேண்டியதில் 60,000 பிடித்துக்கொண்டார். விற்றவர்களோ, "சேட்டிலைட் நேரம் தப்பாகுமா?" என்கிறார்கள்.

பதில்: தப்பாகாதுதான். உங்களுக்குச் சாதகமான விஷயமும் அதுவே. செயற்கைக்கோளுக்கு கிருஷ்ணகிரி எது, லண்டன் எது என்று தெரியாது. உலகப் பொது நேரத்தோடு ஐந்தரை மணி நேரம் கூட்டு என்று கடிகாரத்துக்குச் சொல்ல வேண்டியவர் செட்டிங் செய்தவர். பழுதான கடிகாரம் இன்றைக்குக் கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம் என்று விலகும். எல்லாச் சீட்டிலும் சொல்லிவைத்தாற்போல ஐந்தரை மணி நேரம் பிந்தாது. எனவே விற்றவர்களுக்கு அனுப்பும் நோட்டீஸில் 'பொருள் பழுது' என்று எழுதாமல் 'சேவைக் குறைபாடு' என்று எழுதுங்கள். பழுது என்று எழுதினால் வாரண்டிக்குள் புகுந்துகொள்வார்கள்.

நொடியையும் பாருங்கள். 2017 ஜனவரி 1 முதல் ஜிபிஎஸ் நேரம் பொது நேரத்தைவிட 18 நொடி முந்தி ஓடுகிறது. சரியான நேரத்தோடு வித்தியாசம் 5 மணி 29 நிமிடம் 42 நொடி என்றால் அந்த 18 நொடியைக் கழிக்கவும் மறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

யாரையும் செட்டிங்கில் கைவைக்க விடுவதற்கு முன், கடிகாரத்தையும் சரியான நேரம் காட்டும் செல்போனையும் பக்கத்தில் வைத்து வீடியோ எடுங்கள். அதைத் தாக்கல் செய்யும்போது 2023 பாரதிய சாட்சியச் சட்டம் 63-ஆம் பிரிவின்படி மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் வேண்டும்.

"வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை" என்பார்கள். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக வாங்கியவர் நுகர்வோர்தான் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. பில்லில் 'பெங்களூரு நீதிமன்றம் மட்டும்' என்று அச்சடித்திருந்தாலும் கவலை வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் இல்லை. கெடு இரண்டு வருஷம்.

அந்த 60,000 கொஞ்சம் இழுபறிதான். எடைச் சீட்டு அச்சடிக்கத்தான் கடிகாரம் என்று வாங்கும்போதே அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாட்ஸ்அப்பிலோ கொட்டேஷனிலோ அப்படி ஒரு வரி இருக்கிறதா, தேடுங்கள். வியாபாரி பிடித்துக்கொண்டதற்கும் எழுத்தில் ஏதாவது வாங்கி வையுங்கள். இரண்டும் இல்லாவிட்டால் செட்டிங் கூலியும் ஓரளவு இழப்பீடும்தான் எதிர்பார்க்கலாம்.

அப்புறம், நேரத்தைச் சரிசெய்த கையோடு பழைய சீட்டுகளைப் புதுசாக அச்சடித்துக் கொடுத்துவிடாதீர்கள். நல்ல எண்ணத்தில் செய்தாலும் அது பொய் ஆவணம் ஆகிவிடும். எந்தத் தேதி வரைக்கும் சீட்டு நேரம் பிந்தி வந்தது என்று ஒரு கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.