தையல் கேள்வி பதில்: பாபினும் ஊசியும்

கேள்வி: பாட்டி விட்டுச்சென்ற கறுப்புக் கால் மிஷினில்தான் இன்றும் லுங்கிக்கு மூட்டுப் போடுகிறேன், மின்சாரம் வருவதும் போவதும் நம் கையில் இல்லாத நிலையில் அதுவே எனக்குத் துணை. கீழ் நூல் சுற்றும் பழைய பாபின்கள் மழைக்காலத்தில் துருப்பிடித்ததால் ஒரு டஜன் புதிதாக வாங்கினேன். பார்ப்பதற்கு அச்சு அசலாகப் பழையவை போலவே இருக்கின்றன. ஆனால், நாலு அங்குலம் தைப்பதற்குள் கீழ் நூல் இறுகி அறுந்துவிடுகிறது. மிஷினில் கோளாறா? – வாசகி, பெகு

பதில்: சகோதரி, மிஷின்மேல் பழி போட வேண்டாம். பழைய பாபினில் ஒழுங்காகத் தைத்த மிஷின் புதியதில் மட்டும் முரண்டு பிடிக்கிறது என்றால் முதலில் பாபினைத்தான் சந்தேகிக்க வேண்டும். பாபினை வைக்கும் கூடான கேஸைப் பக்கவாட்டில் கழற்றி எடுக்கும் கறுப்பு மிஷின்களில் பெரும்பாலானவை 15ஆம் வகைப் பாபினுக்கு உரியவை. அதன் விட்டம் ஏறத்தாழ 20 மி.மீ., உயரம் ஏறத்தாழ 12 மி.மீ., இரு முகங்களும் தட்டையானவை. பாபினை மேலிருந்து படுக்க வைக்கும் மிஷின்களுக்கான 66ஆம் வகையும் அதே பருமனில்தான் கண்ணுக்குத் தெரியும் என்றாலும், அதன் முகங்கள் சற்றுப் புடைத்திருக்கும் என்பதால், 15ஆம் வகைக் கேஸுக்குள் அது சீராகச் சுழலாது. ஒரு ஸ்கேலின் ஓரத்தைப் பாபினின் முகத்தில் குறுக்காக வைத்துப் பாருங்கள். ஸ்கேல் இப்படியும் அப்படியும் ஆடினால் நீங்கள் வாங்கியது வேறு வகை. நானும் ஒருமுறை கண்ணை நம்பி வாங்கிவிட்டு, கேஸின் சிறு திருகை மூன்று நாள் திருகித் திருகி, நன்றாக இருந்த இறுக்கத்தையும் கெடுத்துக்கொண்டேன்.

சரியான பாபின் கிடைத்ததும் நூல் சுற்றிக் கேஸில் இட்டு, நூல் நுனியைப் பிடித்துத் தொங்க விடுங்கள். கேஸ் தானாக இறங்காமல் நிற்க வேண்டும். கையை லேசாக உதறினால் ஓரிரு அங்குலம் இறங்கி மீண்டும் நிற்க வேண்டும். நூலை விளிம்பு வரை திணித்துச் சுற்றினாலும் இதே தொல்லைதான் வரும். அடுத்த முறை கடைக்குப் போகும்போது பழைய பாபின் ஒன்றையும் கேஸையும் முந்தானையில் முடிந்துகொண்டு போய், கடையிலேயே இட்டுச் சுழற்றிப் பார்த்து வாங்குங்கள். உங்கள் மிஷினில் ஒருவேளை படகு வடிவ ஷட்டில் (கீழே மேல் நூல் வளையத்தைப் பிடிக்கும் பகுதி) இருந்தால், அதற்கு நீளமான, மெலிந்த பாபின்தான் பொருந்தும். வட்டப் பாபின் எதுவும் ஆகாது.

கேள்வி: என் தங்கை லைங்தாயாவில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அங்கே பயன்படும் வகை ஊசியை வீட்டு மிஷினில் மாட்டலாமா? மாட்டிப் பார்த்தேன், உள்ளே போகிறது, ஆனால் தையல் விட்டு விட்டு விழுகிறது. – வாசகர், யாங்கோன்

பதில்: போகிறது என்பதுதான் ஏமாற்று, தம்பி. தொழிற்சாலையின் ஒற்றை ஊசி மிஷின்களில் பரவலாக உள்ள டிபி×1 என்ற வகை ஊசியின் தண்டு, அதாவது மிஷினில் மாட்டும் மேல் பகுதி, முழு உருண்டை. பருமன் ஏறத்தாழ 1.6 மி.மீ. வீட்டு மிஷினுக்குரிய 15×1 ஊசியின் தண்டு 2 மி.மீ.; ஒரு பக்கம் தட்டையானது. எச்ஏ×1, 130/705 எச் என்று உறையில் அச்சிட்டிருப்பதும் இதே ஊசிதான். அந்தத் தட்டை, ஊசி எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்கிறது: தட்டைப் பக்கம் ஷட்டிலை நோக்கியும், நீளமான பள்ளம் நூல் கோக்கும் பக்கத்திலும் இருக்க வேண்டும். உருண்டைத் தண்டு தளர்வாக நின்று சற்றே திரும்பினாலும், ஷட்டிலின் கூர்முனை நூல் வளையத்தைப் பிடிக்காமல் தாண்டிவிடும். ஊசி ஷட்டிலில் மோதினால் செலவு ஊசியோடு நிற்காது.

உறையில் காணும் 90/14 என்பது ஊசியின் பருமன். 90 என்றால் 0.9 மி.மீ. ‘வாயில்’ என்னும் மெல்லிய துணிக்கு 70/10, சாதாரணப் பருத்திக்கு 80/12 அல்லது 90/14, ஜீன்ஸ் துணிக்கு 100/16 என்று வைத்துக்கொள்ளலாம். நூலுக்கும் ஊசிக்கும் பொருத்தம் பார்க்க, ஒரு முழ நூலில் ஊசியைக் கோத்து நூலைச் சாய்வாகப் பிடியுங்கள்; ஊசி தடையின்றி வழுக்கி இறங்கினால் கண் போதுமான அளவு; தயங்கி நின்றால் அடுத்த பெரிய எண்ணுக்குப் போங்கள்.

கேள்வி: பனியன் துணியில் மட்டும் தையல் தாண்டுகிறது. ஊசி புதியதுதான். – வாசகி, மோல்மேன்

பதில்: புதியதாக இருந்தும் கூர்முனை ஊசியாக இருக்கலாம். பின்னல் துணிக்கு முனை சற்று மழுங்கிய பால்பாயிண்ட் ஊசி வேண்டும். அது இழையைக் குத்தி அறுக்காமல் ஒதுக்கிக்கொண்டு இறங்கும். 75/11 போட்டுப் பாருங்கள். லைக்ரா கலந்த துணியானால் ஸ்ட்ரெச் ஊசி என்றே கேட்டு வாங்குங்கள். மாட்டுவதற்கு முன் ஊசியின் தட்டைப் பக்கத்தைக் கண்ணாடித் தகட்டில் படுக்க வைத்துப் பார்ப்பதும் நல்லது. தகட்டுக்கும் ஊசிக்கும் நடுவே உள்ள இடைவெளி நுனிவரை சீராக இல்லையென்றால், புதிய உறையிலிருந்து எடுத்ததானாலும் அது வளைந்த ஊசிதான்.