சோழர் காலச் சிற்ப ஆய்வைத் தொழிலாக எடுக்கலாமா?

பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு, சோழர் காலச் சிற்ப ஆய்வையே தொழிலாக எடுக்கலாமா, வீட்டில் பயப்படுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கும்பகோணத்தில் இருந்தபடி இருபது வருடங்களுக்கு மேலாக இதே வேலையைச் செய்கிறேன். எடுக்கலாம் என்றுதான் சொல்வேன்.

முதலில் சம்பளம். மத்திய, மாநிலத் தொல்லியல் துறைகள், அருங்காட்சியகங்கள், கல்லூரிகள், பல்கலைக்கழகங்கள் என்று வேலை உண்டு, இடங்கள்தான் குறைவு. எனக்கு நிரந்தர வேலை கிடைக்க ஒன்பது வருடம் ஆனது. அதுவரை டியூஷன் எடுத்தேன். வீட்டாரின் பயம் நியாயமானது, அவர்களிடம் இதை மறைக்காதீர்கள்.

தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியலுக்கும் சிற்பத்துக்கும் துறைகள் இருக்கின்றன. எங்கே சேர்ந்தாலும் கல்வெட்டு வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், சமஸ்கிருதப் பகுதிகளை எழுதிய கிரந்த எழுத்தும் சேர்த்து. நான் அதைத் தள்ளிப்போட்டு, திருக்கோடிகாவலில் பட்டேன்.

காவிரி வடகரையில் இருக்கும் ஊர் அது. சுவரில் பல்லவ மன்னர் பெயர் வரும் கல்வெட்டைப் பார்த்ததும், கோயிலே பல்லவர் காலம் என்று கட்டுரையில் எழுதிவிட்டேன். தேவகோட்டத்துச் சிற்பங்கள், அதாவது கோயில் வெளிச்சுவர் மாடங்களில் இருப்பவை, அதற்கு ஒத்துவரவில்லை. இருந்தும் என் கண்ணை நான் நம்பவில்லை. பேராசிரியர் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்து, "கல்வெட்டை முழுசா வாசிச்சுட்டு வாம்மா" என்றார். உச்சி வெயிலில் போய் நின்றேன், ஒன்றும் புரியவில்லை. குருக்கள்தான், "வெயில் சாயட்டும்மா, எழுத்து தானா எழும்பும்" என்றார். ஐந்து மணிக்கு மேல் ஒவ்வொரு எழுத்தாக நிழல் பிடித்து எழும்பியது. அங்கே இருந்தது அந்தச் சொல்: 'பழங்கற்படி'. சோழ அரசி செம்பியன் மாதேவி அந்தக் கோயிலைக் கற்றளியாக, அதாவது கற்கோயிலாக எடுப்பித்தபோது, பழைய கற்களில் இருந்த சாசனங்களைப் படியெடுத்துப் புதுச் சுவரில் வெட்டவைத்திருக்கிறார். சாசனத்தின் காலம் வேறு, சுவரின் காலம் வேறு. பழைய எழுத்து அழிந்துவிடக் கூடாதே என்று ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஒருத்தி தவித்திருக்கிறாள்! சுவரோரம் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அதற்குப் பிறகு அந்த அரசி எடுப்பித்த கோயில்கள்தான் என் ஆய்வு.

வரலாறு படித்தவருக்கு இது கைவருமா என்று தயங்காதீர்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றிய உள் சுற்றில் எத்தனையோ பேர் நாயக்கர் ஓவியத்தைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமிதான் அதற்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதைக் கண்டார். அவரும் வரலாறு சொல்லிக்கொடுத்தவர்தான்.

முதுகலையில் சேரும் முன் ஒரு நாள் கோனேரிராசபுரம் சிவன் கோயிலுக்குப் போய் வாருங்கள். தெற்குச் சுவரில் சோழ மன்னர் கண்டராதித்தர் லிங்கத்தை வணங்கும் சிறிய சிற்பம் இருக்கும். கணவர் பெயரால் அந்தக் கற்றளியை எடுப்பித்ததைச் செம்பியன் மாதேவி அதன் கீழேயே எழுதிவைத்திருக்கிறார். கோயிலைக் கட்டியவர் பெயர்கூட அங்கே கிடைக்கிறது, ஆலத்தூருடையான் சாத்தன் குணபத்தன். அந்தக் காலத்துக் கோயில்களில் இது அபூர்வம். ஒரு டார்ச்சும் நோட்டும் போதும். வெயில் சாயும்வரை இருந்து பாருங்கள்.