சூப்பரின்டென்டன்ட்டை அனுப்ப எத்தனை மாதச் சம்பளம் கொடுக்கலாம்?

கேள்வி: கலிஃபோர்னியாவில் சான் ஹோசே பக்கம் இருக்கிறோம். எங்கள் பள்ளி மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டென்டன்ட் 'பரஸ்பர உடன்பாட்டின்படி' விலகுகிறார் என்று வெள்ளிக்கிழமை மாலை ஒரு மெயில் வந்தது. ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டரை வருடம் இருக்கிறதாம். காரணம் கேட்டால் 'பெர்சனெல் மேட்டர், பேச முடியாது' என்கிறார்கள். எட்டு லட்சம் டாலர் கொடுத்து அனுப்புகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஓடுகிறது. 'பேரன்ட் அட்வகேட்' என்று ஒருவர், ஆவணங்களை வாங்கி ரீகால் (தேர்தலில் வந்தவரைப் பதவிக்காலம் முடியும் முன்பே வாக்களித்து இறக்குவது) வரைக்கும் கொண்டுபோகக் குடும்பத்துக்கு 75 டாலர் வசூலிக்கிறார். நாங்கள் எச்-1பி விசாவில் இருக்கிறோம். எங்களுக்குக் கேள்வி கேட்க உரிமை உண்டா? இவர் கொண்டுவந்த ஆறாம் வகுப்பு வேகக் கணிதப் பிரிவு நின்றுவிடுமா?

பதில்: 75 டாலரைக் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் திரும்பக் கேளுங்கள். அவர் 'வாங்கித் தருகிறேன்' என்று சொல்லும் ஆவணங்கள் ஒரே ஒரு இமெயிலுக்கு வந்துவிடும். அதை அனுப்ப வக்கீலும் வேண்டாம், அட்வகேட்டும் வேண்டாம். கலிஃபோர்னியாவில் 'பேரன்ட் அட்வகேட்' என்ற பட்டத்துக்கு உரிமம் எதுவும் கிடையாது. இன்று விசிட்டிங் கார்டு அடித்து நாளை வசூலைத் தொடங்கிவிடலாம்.

எட்டு லட்சம் எப்படி வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. சம்பளம் வருடத்துக்கு 3 லட்சத்து 24 ஆயிரம் டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 27,000. பாக்கி முப்பது மாதம். பெருக்கினால் 8 லட்சத்து 10 ஆயிரம். பெருக்கல் சரிதான், ஆனால் அந்தத் தொகையைக் கொடுக்கச் சட்டம் விடாது. கலிஃபோர்னியாவின் கவர்ன்மென்ட் கோடு என்ற சட்டத் தொகுப்பின் 53260-ம் பிரிவின்படி, பள்ளி மாவட்ட சூப்பரின்டென்டன்ட்டின் ஒப்பந்தத்தை நடுவில் முறித்தால் கொடுக்கக்கூடிய ரொக்கத்துக்கு உச்சவரம்பு 12 மாதச் சம்பளம். 2016 ஜனவரி 1-க்குப் பிறகு போட்ட எல்லா ஒப்பந்தங்களுக்கும் இதுதான் கணக்கு. அதற்கு முன் 18 மாதமாக இருந்தது. பழைய விவரத்தைப் படித்துவிட்டு இன்னமும் '18 மாதம்' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், வக்கீல்களிலும்கூட.

இதில் ஒரு விஷயத்தை நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும், எல்லாரும் தடுக்கி விழுவது இங்கேதான். 12 மாதம் என்பது உச்சவரம்பு. 'கொடுத்தே ஆக வேண்டிய தொகை' அல்ல. ஒப்பந்தத்தில் ஐந்து மாதம்தான் பாக்கி என்றால் ஐந்து மாதச் சம்பளம்தான், அதாவது 1 லட்சத்து 35 ஆயிரம். பன்னிரண்டு கிடையாது. முப்பது மாதம் பாக்கி என்றால் பன்னிரண்டோடு நின்றுவிடும், அதாவது 3 லட்சத்து 24 ஆயிரம். ஒப்பந்தத்திலேயே 'காரணம் காட்டாமல் நீக்கினால் ஆறு மாதம்' என்று எழுதியிருந்தால், ஒப்பந்தப்படி அவருக்குச் சேர வேண்டியது 1 லட்சத்து 62 ஆயிரம்தான். அதற்கு மேல் போர்டு (மாவட்டத்தை நடத்தும், தேர்தலில் வந்த உறுப்பினர் குழு) அள்ளிக் கொடுத்தால் அது போர்டின் தாராளம், ஏன் என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும். பணமோசடி, நிதிக் கையாடல் என்று போர்டு சந்தேகித்து, தனித் தணிக்கையிலும் அது உறுதியானால் ஒரு காசுகூடக் கொடுக்கக் கூடாது. ரொக்கம் தவிர மருத்துவக் காப்பீட்டை மட்டும் தொடரலாம். அதுவும் அதே மாதக் கணக்குக்கு, அல்லது வேறு வேலை கிடைக்கும் வரை, எது முதலில் வருகிறதோ அதுவரை. கார் அலவன்ஸ், வீட்டுக் கடன் போன்றவை இதில் வராது.

இந்த வரம்புக்கு வெளியே பணம் கசிகிற இடங்கள் மூன்று. எடுக்காத விடுமுறைக்கான காசு முதலாவது. வருடத்துக்கு 225 வேலை நாள் என்ற கணக்கில் ஒரு நாள் கூலி 1,440 டாலர், இருபது நாள் என்றால் 28,800. இது அவர் சம்பாதித்தது, தப்பில்லை. ஆனால் எத்தனை நாள் சேர்க்கலாம் என்பதற்கு ஒப்பந்தத்தில் வரம்பு இருக்கும், அதைப் பாருங்கள். இரண்டாவது, 'விலகல் அமலுக்கு வரும் தேதி'. ஜனவரியில் அறிவித்து ஜூன் 30-ல் விலகல் என்று எழுதினால், அந்த ஆறு மாதம் வீட்டில் இருந்தபடியே முழுச் சம்பளம் ஓடும், அதன் பிறகு இழப்பீடு தனி. மூன்றாவது, 'ஆலோசகர்' என்ற பெயரில் ஒரு நாற்காலி. யாருக்கு என்ன ஆலோசனை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதாத ஆலோசகர் பதவி என்றால் அது சம்பளத்தின் இன்னொரு பெயர்தான்.

ஏன் போகிறார் என்ற கேள்விக்கு உங்களுக்குப் பதில் கிடைக்காது. அதில் நேரத்தை வீணாக்காதீர்கள். பணியாளரை நீக்குவது, ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது பற்றி மூடிய அறையில் பேச, கலிஃபோர்னியாவின் திறந்த கூட்டச் சட்டமான பிரவுன் சட்டம் போர்டுக்கு அனுமதி தருகிறது. அஜெண்டாவில் 'பப்ளிக் எம்ப்ளாயீ டிஸிப்ளின், டிஸ்மிஸல், ரிலீஸ்' என்று ஒரு வரி போட்டால் போதும், யார், எதற்கு என்று எழுத வேண்டியதில்லை. குறிப்பிட்ட புகாரைத் திறந்த அவையில் விசாரியுங்கள் என்று கேட்கும் உரிமை அந்த சூப்பரின்டென்டன்ட்டுக்கு மட்டும்தான் உண்டு. அவர் கேட்க மாட்டார். ஒருவரைப் பற்றி ஒருவர் தப்பாகப் பேசக் கூடாது என்று விலகல் ஒப்பந்தத்தில் ஒரு வரி அநேகமாக எப்போதும் இருக்கும். அதனால்தான் போர்டு உறுப்பினர்கள் எல்லாரும் ஒரே வாக்கியத்தை ஒப்பிக்கிறார்கள். வரி கட்டுகிறவனுக்குக் காரணம் சொல்ல வேண்டாம், காசோலையை மட்டும் அவன் கணக்கில் எழுதலாம் என்கிற ஏற்பாடு இது. எரிச்சலாகத்தான் இருக்கும்.

ஆனால் முடிவை மறைக்க முடியாது. மூடிய அமர்வில் ராஜினாமாவை ஏற்றாலும், நீக்கினாலும், வெளியே வந்து பதவியின் பெயரோடு யார் எப்படி வாக்களித்தார்கள் என்று சொல்ல வேண்டும். 'ஐந்துக்கு மூன்று' என்று எண்ணிக்கை மட்டும் சொன்னால் போதாது, ஒவ்வொருவரின் வாக்கும் வேண்டும். விலகல் ஒப்பந்தமும் பொது ஆவணம். 'ரகசியம் காப்போம்' என்று இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அது உங்களைக் கட்டுப்படுத்தாது.

அதை வாங்கும் வழி இது. மாவட்ட அலுவலகத்துக்கு, 'கலிஃபோர்னியா பப்ளிக் ரெக்கார்ட்ஸ் ஆக்ட்' என்று தலைப்பிட்டு ஆங்கிலத்தில் ஒரு மெயில். கேட்க வேண்டியவை: சூப்பரின்டென்டன்ட்டின் வேலை ஒப்பந்தமும் அதன் எல்லாத் திருத்தங்களும், விலகல் தொடர்பாகக் கையெழுத்தான எந்த ஒப்பந்தமும், அதற்கு என்ன பெயர் வைத்திருந்தாலும், கடந்த 12 மாதத்தில் அவருக்குப் போன சம்பளம், படிகள், செலவுத் திருப்பீடு. 'எந்தப் பெயரில் இருந்தாலும்' என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். 'செட்டில்மென்ட் அக்ரிமென்ட்' என்று மட்டும் கேட்டால், 'அப்படி ஒன்று இல்லை' என்று பதில் வரும். உள்ளே அது 'டிரான்சிஷன் அக்ரிமென்ட்' என்ற பெயரில் பத்திரமாக இருக்கும். திருத்தங்களைக் கேட்பதும் அப்படித்தான். ஆண்டு மதிப்பீடு முடிந்ததும் ஒப்பந்தத்தை ஒரு வருடம் நீட்டித்துக்கொண்டே போவது வழக்கம், பாக்கி மாதக் கணக்கு அந்த ஒற்றைத் தாளில்தான் இருக்கிறது.

காரணம் சொல்ல வேண்டாம். குடியுரிமை, விசா எதுவும் கேட்கக் கூடாது, சட்டத்தில் 'எந்த நபரும்' என்றுதான் இருக்கிறது. பத்து நாளுக்குள் 'தருகிறோம்' என்றோ 'தர முடியாது' என்றோ பதில் வர வேண்டும், சிறப்புக் காரணம் இருந்தால் இன்னும் 14 நாள் நீட்டிக்கலாம். ஊரில் பத்து ரூபாய் கட்டி ஆர்.டி.ஐ. போட்டு முப்பது நாள் காத்திருந்தவர்களுக்கு இது சொகுசு. இங்கே மனுவுக்குக் கட்டணமே இல்லை, நகல் எடுக்கிற நேரடிச் செலவு மட்டும். பி.டி.எஃப்-ஆகக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதே மெயிலுக்கு மேலே தேதி போட்டு மறுபடி அனுப்புங்கள். இரண்டாவது மெயிலை போர்டு தலைவருக்கும் சேர்த்து அனுப்பினால் வேகம் கூடும்.

எச்-1பி-யில் இருப்பவர் போர்டு கூட்டத்தில் பேசலாமா? தாராளமாக. பெயர் சொல்லித்தான் உள்ளே வர வேண்டும் என்றுகூட நிபந்தனை போட முடியாது. வழக்கமான கூட்டம் என்றால் மாவட்டத்தின் எந்த விஷயம் பற்றியும் பேசலாம், அஜெண்டா 72 மணி நேரம் முன்பே ஒட்டியிருக்க வேண்டும். ஸ்பெஷல் மீட்டிங்குக்கு 24 மணி நேரம் போதும், அதில் அஜெண்டாவில் உள்ளதைப் பற்றி மட்டும்தான் பேச முடியும். மூடிய அமர்வு தொடங்கும் முன்பே பேச வாய்ப்புத் தர வேண்டும், ஆறரை மணிக்கு 'திறந்த அமர்வு' என்று போட்டிருந்தாலும் நீங்கள் ஐந்தே கால் மணிக்கே போய் உட்காருங்கள். மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேசினால் இரண்டு மடங்கு நேரம் தர வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. வீட்டில் பாட்டி பேச விரும்பினால் தமிழிலேயே பேசட்டும்.

இந்த 24 மணி நேரம்தான் போர்டுகளுக்குப் பிடித்த சந்து. ஆரஞ்சு கவுண்டியில் ஆரஞ்சு யூனிஃபைட் மாவட்டம் 2023 ஜனவரி 5 அன்று, குளிர்கால விடுமுறையில் பள்ளிகள் மூடியிருந்த நேரத்தில், ஸ்பெஷல் மீட்டிங் கூட்டி சூப்பரின்டென்டன்ட் கன் மேரி ஹேன்சனை 4-3 வாக்கில் நீக்கியது. அவர் அப்போது விடுமுறையில் இருந்தார். 2024 மார்ச்சில் அந்த நால்வரில் இரண்டு பேரை வாக்காளர்கள் ரீகால் செய்தார்கள். உங்கள் மாவட்டத்தில் இனி இடைக்கால ஆள், பிறகு புது ஆள் என்று வரிசையாக வரும். புது சூப்பரின்டென்டன்ட்டின் சம்பளத்தை ஸ்பெஷல் மீட்டிங்கில் முடிவு செய்யக் கூடாது, வழக்கமான கூட்டத்தில்தான் செய்ய வேண்டும். வாக்கெடுப்புக்கு முன் சம்பளம், சலுகைகளின் சுருக்கத்தை வாயால் சொல்ல வேண்டும். நான்கு வருடத்துக்கு மேல் ஒப்பந்தம் போட முடியாது. அன்றைக்கு அந்தக் காகிதத்தில் நீங்கள் தேட வேண்டிய ஒரே வரி, 'காரணமின்றி நீக்கினால் எத்தனை மாதம்'. பன்னிரண்டு என்று இருந்தால் ஆறாகக் குறைக்கச் சொல்லிப் பேசுங்கள். இப்போதைய ஆள் போகும்போது கத்துவதைவிட அடுத்தவர் வரும்போது பேசுவதில் பலன் அதிகம், ஆனால் அந்தக் கூட்டத்துக்குத்தான் யாரும் வருவதில்லை.

போர்டு பிரவுன் சட்டத்தை மீறி முடிவெடுத்தது என்று தெரிந்தால், திருத்தச் சொல்லி 90 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். அஜெண்டாவில் இல்லாததைத் திறந்த கூட்டத்தில் முடிவு செய்திருந்தால் 30 நாள்தான். தேதி போனால் போனதுதான்.

ரீகால் பற்றி. சூப்பரின்டென்டன்ட் தேர்தலில் வந்தவர் இல்லை, போர்டு நியமித்தவர். அவரை ரீகால் செய்ய முடியாது, மீட்டுக் கொண்டுவரவும் ரீகால் உதவாது. கவுண்டி சூப்பரின்டென்டன்ட், மாநில சூப்பரின்டென்டன்ட் என்று வேறு இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு மெயில் அனுப்பிப் பிரயோஜனம் இல்லை, உங்கள் போர்டின் முடிவை மாற்ற அவர்களுக்கு அதிகாரமில்லை. ரீகால் போர்டு உறுப்பினர்கள் மீதுதான். பதவியேற்று 90 நாள் ஆகாதவர் மீதும், ஆறு மாதத்துக்குள் பதவிக்காலம் முடிகிறவர் மீதும் தொடங்க முடியாது. பத்தாயிரத்திலிருந்து ஐம்பதாயிரத்துக்குள் வாக்காளர்கள் உள்ள தொகுதி என்றால் 20 சதவீதக் கையெழுத்து வேண்டும். உங்கள் மாவட்டம் பகுதி பிரித்துத் தேர்தல் நடத்தினால் அந்தப் பகுதி வாக்காளர்கள் மட்டும்தான் கையெழுத்துப் போட முடியும். இணையத்தில் போடும் கையெழுத்துக்கு இங்கே மதிப்பு பூஜ்யம். நீங்கள் எச்-1பி என்பதால் ரீகால் மனுவில் கையெழுத்துப் போடவே கூடாது, வசூல்காரர் 'பரவாயில்லை, போடுங்க' என்று சொன்னாலும். கையெழுத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிச் சேகரிக்கும் ஆட்கள் உண்டு, செல்லாத கையெழுத்தால் அவர்களுக்கு நஷ்டமில்லை. தேர்தல் நடந்தால் அந்தச் செலவும் உங்கள் பள்ளி மாவட்டத்தின் தலையில்தான் விழும்.

கணிதப் பிரிவு ஒரு ஆள் போவதால் தானாக நிற்காது. ஆனால் அது எந்தக் காகிதத்தில் இருக்கிறது என்று இப்போதே பாருங்கள். பெரும்பாலான மாவட்டங்களின் விதித் தொகுப்பில் கணிதம் கற்பித்தல் 6142.92 என்ற எண்ணிலும், கணித வகுப்பில் சேர்ப்பது 6152.1 என்ற எண்ணிலும் இருக்கும். எண்ணுக்கு முன்னால் 'பி.பி.' என்றிருந்தால் அது போர்டு நிறைவேற்றிய கொள்கை, மாற்ற போர்டு வாக்களிக்க வேண்டும். 'ஏ.ஆர்.' என்றிருந்தால் நிர்வாக விதி, புதிதாக வருகிறவர் பெரும்பாலும் ஒரு கையெழுத்தில் மாற்றிவிடலாம். இரண்டிலும் இல்லாமல் பள்ளி முதல்வரின் ஸ்லைடில் மட்டும் இருந்தால், அதைப் பி.பி.-யில் சேர்க்கச் சொல்லி அடுத்த வழக்கமான கூட்டத்தில் கேளுங்கள். ஆசிரியருக்கான பணம் பட்ஜெட்டில் இருக்கிறதா என்பது வேறு. பட்ஜெட்டும் மாவட்டத்தின் மூன்றாண்டுத் திட்டமான எல்கேப்பும் ஜூலை 1-க்குள் நிறைவேற வேண்டும், அதற்கு முன் தனியாக ஒரு நாள் பொது விசாரணை நடக்கும். விசாரணையும் நிறைவேற்றமும் ஒரே கூட்டத்தில் வரக் கூடாது. நீங்கள் பேச வேண்டியது முதல் கூட்டத்தில். இரண்டாவது கூட்டத்துக்கு வரும்போது எண்களெல்லாம் காய்ந்த சிமென்ட் மாதிரி ஆகியிருக்கும்.