குழை முறிக்கத் தெரியாத ஊரில்

வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் இலங்கையின் வன்னிப் பகுதியில், முள்ளியவளையில் பிறந்து வளர்ந்தவள். கணவரோடும் மகனோடும் மெல்பேர்ன் நகரின் புறநகர் ஒன்றுக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டு நீங்கள் எழுதிய கட்டுரை ஒன்றில், காட்டோரம் வளர்ந்த வன்னிப் பிள்ளைக்கு எந்த நாட்டு விலங்கும் அச்சம் தராது என்றொரு வரி இருந்தது. அன்று அதைப் படித்துப் பெருமைப்பட்டேன். இப்போது அந்த வரி என்னைச் சுடுகிறது.

கடந்த செப்டெம்பரில், எட்டு வயதான என் மகன் சைக்கிளில் பாடசாலைக்குப் போகும்போது, காகத்தின் அளவான கறுப்பு வெள்ளைப் பறவை ஒன்று பின்னாலிருந்து பாய்ந்து அவனுடைய காதைக் கொத்திவிட்டது. இரத்தத்தைக் கண்டதும் தெருவென்றும் பாராமல் கத்திவிட்டேன். அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் அஞ்சுகிறேன். இரவில் கூரைக்குள் யாரோ நடக்கும் சத்தமும், தொண்டை கட்டிய கிழவர் உறுமுவது போன்ற ஒலியும் கேட்கின்றன. குளியலறைச் சுவரில் உள்ளங்கை அகலத்தில் ஒரு சிலந்தி இருந்தது. கோடைகாலத்தில் ஓடைக்கரையில் பாம்பு வரும் என்று அயலவர் எச்சரிக்கிறார்கள். கணவர் இப்போது மகனை வேறு தெருவால் கூட்டிச் செல்கிறார். அது எனக்குத் தோல்வியாகத் தெரிகிறது.

என் அம்மப்பா வாழைத் தோட்டத்துக்குள் இறங்கிய யானையைத் தீப்பந்தத்தோடு விரட்டியவர். நானும் பத்து வயதில் கிணற்றடியில் நாகபாம்பைக் கண்டு அசையாமல் நின்றவள்தான். அந்தத் துணிவு எங்கே போனது? மகனை ஊருக்குக் கூட்டி வந்தால் அவனுக்காவது அது வருமா?

(என் பெயரை வெளியிட வேண்டாம்.)

பதில்

அன்புள்ள தங்கைக்கு,

அந்த வரியை நான் எழுதியிருக்கக் கூடாது. மெல்பேர்னில் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்து, அங்கே உங்களைப் போலவே அஞ்சியவன் நான். ஊர் திரும்பி, ஒட்டுசுட்டானில் என் வளவுக்குள் இருந்து எழுதும்போது அந்த அச்சத்தை மறந்து ஊர்ப்பெருமை பேசிவிட்டேன். கட்டுரையிலிருந்து அந்த வரியை நீக்கிவிட்டேன். அது உங்களைச் சுட்டதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அம்மப்பாவிடம் இருந்ததைத் துணிவு என்கிறீர்கள். என் தகப்பனாரிடம் இருந்ததையும் நான் நெடுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனி, ஆடி மாதங்களில் முத்தையன்கட்டுப் பக்கக் காட்டுக்கு அவரோடு பாலைப்பழம் பொறுக்கப் போவோம். வாயில் போட்டால் பால் உதட்டில் பசையாக ஒட்டிக்கொள்ளும் அந்தச் சிறிய மஞ்சள் பழத்தை நம்மைப்போலவே கரடியும் விரும்பும். காட்டின் வாசலில் அப்பா ஒரு குழையை, அதாவது இலையோடு கூடிய சிறு கிளையை முறித்து, ஐயனாரை நினைத்து மரத்தடியில் வைப்பார். பின்னர் எங்களைப் பார்த்து, "இனி வாயை மூடக் கூடாது, சத்தம் போட்டுக் கதையுங்கோ, வாளியில தட்டுங்கோ" என்பார். கரடிக்குக் கண்பார்வை மட்டு. பழத்திலோ புற்றிலோ தலையைக் கவிழ்த்துவிட்டால் பக்கத்தில் ஆள் வருவதையும் அது கவனிக்காது. திடீரென்று முன்னால் ஆளைக் கண்டால் ஓட நேரமில்லை என்று எண்ணி எழுந்து முகத்தில் அறைந்துவிடும். தூரத்திலேயே சத்தம் கேட்டால் அதுவாக விலகிப் போய்விடும்.

அதே காட்டில், அதே காலையில், யானையின் தடத்தைக் கண்டதும் கட்டளை தலைகீழாகும். வாளியில் கை படக் கூடாது. அப்பா ஒரு பிடி மண்ணை எடுத்து மெல்லத் தூவி, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார். இலத்தியின் அருகே குந்தி, புறங்கையை அதற்கு மேலே பிடித்துச் சூடு பார்ப்பார். சூடு இருந்தால் ஒரு சொல்லும் பேசாமல் எங்களைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். வெறும் வாளியோடு வீட்டுக்கு வந்த நாட்கள் பல. அந்த நாட்களில் அவர் வெட்கப்பட்டு நான் கண்டதில்லை. எதற்கு, எப்போது, எவ்வளவு அஞ்ச வேண்டும் என்பதை அவருடைய தகப்பனார் அவருக்குச் சொல்லியிருந்தார். அவர் எங்களுக்குச் சொன்னார். கிணற்றடியில் நீங்கள் அசையாமல் நின்றீர்களே, அப்படி நிற்க வேண்டும் என்று அதற்கு முன்பே யாரோ உங்களிடம் சொல்லியிருப்பார்கள். எங்கள் வீட்டில் இரவில் பாம்பு என்ற பெயரைக்கூடச் சொல்லவிடாமல், பூச்சி என்றே சொல்லப் பழக்கியிருந்தார்கள். அந்த அளவுக்கு அச்சமும் அதற்கான ஒழுங்கும் வீட்டுப் பேச்சிலேயே கலந்திருந்தன.

மெல்பேர்னில் உங்களுக்கு அப்படிச் சொல்ல ஒருவர் இல்லை. துணிவு எங்கும் போய்விடவில்லை, தங்கச்சி. அங்கே எந்த மரத்தடியில் குழை முறிப்பது என்று நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

உங்கள் மகனைக் கொத்திய மக்பை என்னையும் கொத்தியது. தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து, விடியற்காலையில் பூங்கா ஒன்றின் வழியாக நடந்து வரும்போது, காதுக்கருகே அலகு அடிக்கும் 'டக்' என்ற ஒலிதான் முதலில் கேட்டது. ஊரில் நாயை விரட்டும் பழக்கத்தில் குனிந்து கல்லெடுத்து எறிந்தேன். அடுத்த நாளும் அது வந்தது. அதற்கடுத்த நாள், எனக்கு முன்னால் போன இரண்டு பேரை விட்டுவிட்டு என்னையே தேடி வந்தது. பக்கத்து வீட்டு முதிய பெண்மணி ஒருவர்தான் விளக்கம் சொன்னார். அந்தப் பறவை மனித முகங்களை அடையாளம் கண்டு நினைவில் வைத்திருக்கும். ஆண்டுக்கணக்காக ஒரே எல்லைக்குள் வாழ்வதால் அந்தத் தெருவில் போய்வருபவர்களை அதற்குத் தெரியும். நீ கல்லெறிந்தவன் என்பதை அது மறக்காது என்றார். வெட்கத்தோடு கேட்டுக்கொண்டிருந்தேன்.

பாய்வது பெரும்பாலும் ஆண் பறவைதான். எல்லா ஆணும் பாய்வதில்லை, சிலவே பாய்கின்றன. அவையும் கூட்டில் முட்டையும் குஞ்சும் இருக்கும் ஐந்தாறு வாரங்களுக்கு மட்டும், ஓகஸ்ட் முதல் ஒக்டோபர் வரையான காலத்தில், கூட்டைச் சுற்றிய ஒரு குறுகிய எல்லைக்குள்ளேயே பாயும். வேகமாகப் போகும் சைக்கிள் அதற்குப் பெரும் எரிச்சல். ஆகவே அந்த இடம் வரும்போது மகன் சைக்கிளை விட்டு இறங்கி, தலைக்கவசத்தைக் கழற்றாமல், அதைத் தள்ளிக்கொண்டு நடக்கட்டும். கண்ணாடி அணிந்திருந்தால் கண்ணுக்கும் காவல். ஓடக் கூடாது, கையை வீசக் கூடாது, எறியவே கூடாது. அது சட்டப் பாதுகாப்புள்ள பறவையும்கூட. பறவையைப் பார்த்தபடி நடந்தால் பெரும்பாலும் பின்னாலிருந்து பாயத் தயங்கும். இவை எல்லாவற்றையும்விட நல்ல வழி, அந்தச் சில வாரங்களுக்கு வேறு தெருவால் போவது. உங்கள் கணவர் செய்வது மிகச் சரி. யானை இறங்கும் பாதையில் மாலை ஆறு மணிக்குப் பின் நம் ஊரில் யார் நடக்கிறார்கள்? கவுன்சிலுக்கும் தெரிவியுங்கள், அந்த மரத்தருகே எச்சரிக்கைப் பலகை வைப்பார்கள்.

கூரைக்குள் உறுமுவது பொசம். தூரிகை வால் பொசம் என்று சொல்லக்கூடிய, பூனையளவான, வயிற்றுப்பையில் குட்டி சுமக்கும் விலங்கு அது. அதன் குரலை முதல்முறை கேட்டபோது, கூரையில் மனிதர் யாரோ ஏறிவிட்டார்கள் என்றே நானும் எண்ணினேன். இரவு முழுவதும் தூங்காமல் இருந்துவிட்டு, விடிந்ததும் அதைப் பிடித்துத் தூரத்துக் காட்டில் விட்டுவிட வழி கேட்டேன். விக்ரோறியா மாநிலச் சட்டம் அதற்கு இடம் தராது. முறைப்படி கூண்டு வைத்துப் பிடித்தாலும், பிடித்த இடத்திலிருந்து 50 மீற்றருக்குள், அதே வளவிலேயே விட வேண்டும். தூரத்தில் கொண்டுபோய் விட்டால் அது பிழைப்பது அரிது. அங்குள்ள ஒவ்வொரு மரப்பொந்துக்கும் ஏற்கனவே ஒரு பொசம் உரிமையாளராக இருக்கும். இதைப் படித்த நாளில் எனக்கு நம் ஊர் யானைகளின் நினைவு வந்தது. வயலுக்குள் வந்து தொல்லை தருகிறதென்று பிடித்து, லொறியில் ஏற்றி, வேறொரு சரணாலயத்தில் விட்ட யானைகள் பல பழைய இடத்துக்கே நடந்து திரும்பியிருக்கின்றன. சில போகும் வழியிலேயே புதிய ஊர்களில் புகுந்து செத்திருக்கின்றன. பிறந்த இடத்திலிருந்து பெயர்த்து எடுக்கப்படுவது என்னவென்று நம்மைவிட யாருக்குத் தெரியும்? அதற்குப் பின் அந்தப் பொசத்தின் மீது எனக்குக் கோபம் வரவில்லை. வளவு மரத்தில் அதற்கென ஒரு பலகைப் பெட்டி கட்டினேன். இருட்டியபின் அது வெளியே போனதை நிச்சயப்படுத்திக்கொண்டு, கூரை ஓட்டையை அடைத்தேன். நீங்களும் அப்படியே செய்யலாம். உள்ளே குட்டி அகப்படாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதே பொசத்தை உரோமத்துக்காக 1837 இல் நியூசிலாந்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். இன்று அது அங்கே காட்டு மரங்களின் தளிரையும் பறவைகளின் முட்டையையும் தின்று தீர்க்கும் அழிவாகி, கொல்லப்பட வேண்டிய விலங்காக இருக்கிறது. ஒரு கரையில் சட்டம் காக்கும் உயிரை மறுகரையில் சட்டம் வேட்டையாடுகிறது.

சிலந்தி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உள்ளங்கை அகலமான, தட்டையான ஹன்ட்ஸ்மன் சிலந்தி கரப்பானைத் தின்ன வருவது. கண்ணாடிக் குவளையால் மூடி, அடியில் மட்டையைச் செருகி வெளியே விடுங்கள். கார் ஓட்டும்போது கண்டால் மட்டும் பதறாமல் ஓரமாக நிறுத்துங்கள். முதுகில் சிவப்புக் கோடுள்ள சிறிய ரெட்பக் சிலந்திதான் நஞ்சுள்ளது. வெளியே கிடக்கும் கதிரையின் அடியிலும் சப்பாத்துக்குள்ளும் அது இருக்கும். சப்பாத்தை உதறிப் போட மகனைப் பழக்குங்கள். இன்னொன்று: தரையில் விழுந்து கிடக்கும் பழந்தின்னி வௌவாலை அவன் இரக்கப்பட்டும் கையால் தொடக் கூடாது. விசர்நாய்க்கடி நோயின் வைரசுக்கு உறவான ஒரு வைரசு அவற்றில் இருப்பது 1996 இல் கண்டறியப்பட்டது. மனிதர் அதனால் இறந்திருக்கிறார்கள்.

பாம்பு பற்றித்தான் நான் உங்களிடம் மனம் திறந்து பேச வேண்டும். அவுஸ்திரேலியப் பாம்புகளின் நஞ்சு கொடியது என்று உலகமே சொல்கிறது. ஆனால் அங்கே பாம்புக்கடியால் இறப்பவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக இரண்டு, மூன்று பேர். இலங்கையிலோ, 2016 இல் வெளியான நாடு தழுவிய ஆய்வொன்றின்படி, ஓராண்டில் ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது. 400 பேருக்கு மேல் இறக்கிறார்கள். நீங்கள் வளர்ந்த மண்தான் ஆபத்து மிகுந்தது, ஆனால் அங்கே நீங்கள் அஞ்சவில்லை.

மெல்பேர்னில் இருந்தபோது முதலுதவி வகுப்பு ஒன்றுக்குப் போனேன். கடிபட்ட கையையோ காலையோ அகலமான துணிச்சுருளால் விரல் முதல் மேல்வரை அழுத்திச் சுற்றி, மட்டை வைத்து அசையாமல் கட்டி, ஆளை நடக்க விடாமல் வைத்திருக்க வேண்டும் என்று கற்றேன். அங்குள்ள பாம்புகளின் நஞ்சு உடலில் பரவுவதைத் தாமதப்படுத்த அது மிகச் சரியான வழி. ஊர் திரும்பிய இரண்டாம் ஆண்டு, அறுவடைக் காலத்தில், என் மருமகனின் கணுக்காலில் புடையன் பாம்பு கடித்தது. கற்ற வித்தை கையில் இருக்கிறதென்ற நம்பிக்கையில் வேட்டியைக் கிழித்து, முழங்கால் வரை அழுத்திச் சுற்றினேன். மருத்துவமனையில் மருத்துவர் அந்தக் கட்டைக் கண்டதும் முகம் மாறினார். புடையனின் நஞ்சு கடித்த இடத்துத் தசையையே அழிக்கும் இயல்புடையது. அழுத்திக் கட்டினால் அந்தச் சேதம் கூடலாம். காலை அசையாமல் வைத்துக்கொண்டு விரைவாகக் கொண்டுவருவதுதான் இங்கே செய்ய வேண்டியது என்று பொறுமையாகச் சொன்னார். அவன் பிழைத்துக்கொண்டான். ஆனால் நீலம் பாய்ந்து வீங்கிய அந்தக் கணுக்காலையும், அதன் மேல் என் வேட்டிக் கரை பதிந்திருந்த தழும்பையும் இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. அங்கே உயிர் காக்கும் அறிவை இங்கே கொண்டுவந்து கேடு செய்யப் பார்த்தேன். அங்கே கல்லெறிந்ததும் அதே பிழைதான்.

மகனை ஊருக்குக் கூட்டி வந்தால் துணிவு வருமா என்று கேட்கிறீர்கள். ஊரே இப்போது கற்றுக்கொண்டிருக்கிறது என்பதுதான் உண்மை. போர் முடிந்த 2009 க்குப் பின் மக்கள் மீளக் குடியேறியபோது, கிடுகு வேலி இருந்த இடத்தில் பற்றை வளர்ந்திருந்தது. ஆளில்லாத வயலையும் குளத்தையும் யானைகள் தங்கள் வழியாக்கியிருந்தன. முகாம்களில் பிறந்த பிள்ளைகளுக்குக் கரடிக்குச் சத்தமும் யானைக்கு மௌனமும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லத் தெரிந்தவர்கள் பலர் திரும்பி வரவில்லை. 2011 கணக்கெடுப்பில் நாடெங்கும் 5,879 யானைகள் என்று எண்ணினார்கள். எங்கள் ஒழுங்கையில் இன்றிரவு வருவது எது, தனியனா, குட்டியோடு வரும் கூட்டமா என்பதை அந்த எண் சொல்லாது. அதை இங்குள்ள முதியவர் இரண்டு மூன்று பேரிடம் நானும் இந்த வயதில் கேட்டுத்தான் அறிகிறேன்.

ஆகவே உங்கள் தெருவில் நெடுங்காலம் இருப்பவர் யாரென்று விசாரித்து, அவரிடம் மகனைக் கூட்டிச் செல்லுங்கள். மொழி தடுக்கினாலும் பரவாயில்லை. பறவையைப் பற்றிக் கேட்டால் எவரும் முகம் மலர்ந்து பேசுவார்கள்.

ஊருக்கு வருவதென்றால், மெல்பேர்னில் பாடசாலை விடுமுறை விடும் ஜூலை மாதத்தில் வாருங்கள். பாலை அப்போதுதான் பழுத்திருக்கும். மகனுக்கென்று ஒரு தகர வாளியை எடுத்து வைத்திருக்கிறேன்; பிளாஸ்டிக் வாளியில் சத்தம் வராது.

அன்புடன்,
ஒட்டுசுட்டானிலிருந்து